விற்கும் முன் பத்து விதை போட்டுப் பாருங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் நாற்று மண் பொதி செய்கிறவர்களுக்கும், அதை வாங்கி வைத்து விற்கும் கடைக்காரர்களுக்கும், இதைக் கவனிக்க வேண்டிய அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் அலஸ்தோட்டத்தில் இருக்கிறேன். வீட்டு வளவில் நிழல்வலை கட்டி மிளகாய், கத்தரி, தக்காளி நாற்று வளர்த்துக் கொடுப்பது என் தொழில். பெரிய தொழில் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டுச் செலவில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. உங்களில் யாரோடும் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. சிலருடைய முகம்கூடத் தெரியாது. உங்கள் பையைத்தான் தெரியும். அந்தப் பைக்குள் இருப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற ஆண்டு ஆவணிக் கடைசியில் சம்பூர்ப் பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து என்னிடம் 1,200 மிளகாய்க் கன்று கேட்டார்கள். 2006 இல் போரால் ஊரை விட்டு ஓடி, 2015க்குப் பிறகு திரும்பி வந்து, பற்றை மண்டிக் கிடந்த வளவை வெட்டி வெளியாக்கியவர்கள். கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் வந்து முற்பணமும் தந்துவிட்டுப் போனார்கள். மாரி மழை இறங்குவதற்கு முன் கன்று வேரூன்ற வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்ட ஒரே விசயம்.

வழக்கமாக நாற்று மண்ணை நானே கலப்பேன். அந்த மாதம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். தேங்காய் மட்டைத் தும்புத்தூள் அலசவும் எரு அரிக்கவும் நேரமில்லை. சரி, காசு போனாலும் பரவாயில்லை என்று பட்டணத்தில் ஒரு கடையில் 'நாற்று மண்' என்று எழுதிய பை எட்டு வாங்கினேன். 98 குழித் தட்டு பதினான்கு. பத்துத் தட்டைக் கடை மண்ணாலும், மிச்சம் நாலு தட்டை வீட்டில் கிடந்த என் பழைய கலவையாலும் நிரப்பினேன். விதை ஒன்று, எம்.ஐ.2 என்ற மிளகாய் இனம். பைக்கற்றும் ஒன்று. ஒரே நிழல், ஒரே பூவாளி, ஒரே கிணற்றுத் தண்ணீர்.

ஒன்பதாம் நாள் என் கலவை போட்ட நாலு தட்டிலும் வரிசை பிடித்தாற்போல முளை வந்து நின்றது. கடை மண் தட்டுகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் வந்தது. வந்ததும் நிலைக்கவில்லை. பதினான்காம் நாள் காலையில் பார்த்தபோது தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல மெலிந்து, தண்ணீரில் ஊறிய நிறத்தில் சுருங்கி, கன்றுகள் பக்கம் பக்கமாகச் சரிந்து கிடந்தன. தப்பியவற்றின் வித்திலை, அதாவது முதலில் வருகிற இரண்டு இலை, ஓரம் பழுப்பாகிக் கருகியிருந்தது. தட்டைத் தட்டினால் சின்னக் கறுப்பு ஈக்கள் எழும்பிப் பறந்தன.

பத்துத் தட்டிலும் தேறியது நூற்றைம்பது கன்று இருக்கும்.

கடைக்குப் போய்ச் சொன்னேன். "தண்ணி கூட ஊத்தியிருப்பீங்க அக்கா" என்றார் கடையில் நின்ற தம்பி. மரியாதையாகத்தான் சொன்னார். பை அவருக்குத் தைத்தபடியே வருகிறது. உள்ளே என்ன என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஆனால் இதே பதிலை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். முதல் முறை தக்காளி போட்டுப் பார்க்கிற ஒரு பிள்ளை, தண்ணீர் கூடிவிட்டது, எனக்குக் கைராசி இல்லை என்று நினைத்துத் தோட்டத்தையே விட்டுவிடும். மண் பழுது என்று அதற்குத் தோன்றவே தோன்றாது. நாலு தட்டு பக்கத்திலேயே நன்றாக நின்றபடியால்தான் எனக்கே தெரிந்தது.

மிச்சமிருந்த ஒரு பையை முற்றத்தில் பழைய வெள்ளை வேட்டி விரித்துக் கொட்டினேன். உள்ளங்கையை வைத்தேன், இளஞ்சூடு. மாட்டுக் கொட்டிலில் காலையில் அடிக்கிற அந்த அமோனியா நெடி. அரிதட்டில் போட்டு அரித்தேன். மேலே நின்றவற்றைச் சொல்கிறேன்: விரல் நீளத் தும்பு, மரப்பட்டை, கலர் மாறாத மரத்தூள் கட்டி, பொலித்தீன் கிழிசல், ஒரு கண்ணாடித் துண்டு, கோரைக்கிழங்கு நாலு. அப்புறம் கீழே விழுந்த மணலைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அரிசிக் குறுணிபோல வெள்ளையாக மின்னியது. சிப்பித் தூள். கடற்கரையிலோ களப்புக் கரையிலோ அள்ளிய மணல் அது. இலை ஓரத்தைக் கருக்கிய உப்பு எங்கிருந்து வந்தது என்று அதற்குமேல் யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

இருந்தாலும் ஒரு முறை பார்த்துவிட நினைத்தேன். பை மண்ணில் பாதியைச் சாக்கில் கட்டி மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடித்தேன். அடியில் துளை போட்ட சிரட்டை இரண்டு எடுத்து, ஒன்றில் அலசிய மண், மற்றதில் அலசாத மண். இரண்டிலும் பத்துப் பத்துத் தக்காளி விதை. அலசியதில் எட்டு முளைத்தது. அலசாததில் இரண்டு.

இனி, ஏன் இப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்களில் பலருக்கும் இது தெரியும். தெரியாமல் செய்கிறவர்களும் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

தும்புத்தூள் நல்ல பொருள். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்தாலும் வேருக்குக் காற்றும் விடும். நம் நாட்டுத் தும்புத்தூளை வெளிநாட்டுக்காரர் காசு கொடுத்து இறக்குமதி செய்து நாற்று வளர்க்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் போகிற தூளை நல்ல தண்ணீரில் அலசி, உப்பு எவ்வளவு இருக்கிறது என்று கருவியால் அளந்துதான் கட்டுகிறார்கள். திறமாக வேண்டுமென்றால் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவும் வைப்பார்கள். தும்பில் ஒட்டியிருக்கும் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் கல்சியம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அலசாத தூளில் இந்த உப்பு அப்படியே இருக்கும். உவர்த் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டையிலிருந்து வந்த தூள் என்றால் கேட்கவே வேண்டாம். வளர்ந்த தென்னங்கன்று அதைத் தாங்கும். இரண்டு இலை மிளகாய்க் கன்று தாங்காது. கடல் கடந்து வாங்குகிறவனுக்கு அலசிய தூள், உப்புவெளியிலும் மட்டிக்களியிலும் இருக்கிற நமக்கு அலசாத தூள் என்றால் அது நியாயமில்லை.

அடுத்தது எரு. முற்றாத கூட்டெரு உள்ளுக்குள் இன்னும் அவிந்துகொண்டிருக்கும். சூடும் அமோனியாவும் இளவேரைச் சுடும். மரத்தூள் கலந்தால் இன்னொரு கேடு. மரத்தூளைத் தின்கிற நுண்ணுயிர்களுக்கு நைதரசன் வேண்டும், மண்ணில் இருக்கிறதை எல்லாம் அவை எடுத்துக்கொள்ளும். கன்று மஞ்சளித்துப்போய் வளராமல் நிற்கும். எரு முற்றிவிட்டதா என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு பிடியை ஈரமாக்கி, பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி ஒரு கிழமை வைத்துத் திறந்து மணந்து பாருங்கள். மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் சரி. புளித்த நெடியோ மூக்கில் ஏறுகிற காரமோ வந்தால் அந்த எரு இன்னும் ஆகவில்லை.

உங்கள் பைகளில் 'சத்து நிறைந்தது' என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். விதைக்கு முளைக்கிறபோது சத்து எதற்கு? முதல் நாட்களுக்கு வேண்டிய சாப்பாட்டை அது தன்னோடு கொண்டுதான் வருகிறது. அந்த நேரத்தில் மண்ணிடம் அது கேட்பது ஈரமும் காற்றும் நோயில்லாத இடமும்தான். பச்சை எருவும் பசளையும் அள்ளிப் போட்ட மண் வாழைக்கோ வளர்ந்த கத்தரிக்கோ நல்லது. நாற்றுத் தட்டுக்கு அது நஞ்சு. பூச்சாடி மண்ணையும் நாற்று மண்ணையும் ஒரே குவியலில் அள்ளி இரண்டு பெயரில் கட்டுகிற வழக்கம் எங்கிருந்து வந்ததென்று எனக்கு விளங்கவில்லை.

களிமண்ணும் குளத்து வண்டலும் கலக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வயலில் நல்ல மண், தட்டில் ஏன் பழுதாகிறது? சட்டி கழுவுகிற ஸ்பொஞ்சை நனைத்துக் கிடையாக வைத்துப் பாருங்கள். தண்ணீர் அதற்குள்ளேயே நிற்கும். அதையே செங்குத்தாக நிமிர்த்தினால் கீழ் முனையால் ஒழுகும். உயரம் குறைந்த பாத்திரத்தில் தண்ணீர் வடியாது, அடியில் தேங்கி நிற்கும். நாற்றுக் குழியின் ஆழம் இரண்டு மூன்று விரல்தான். களிபோல நுண்ணிய மண்ணைப் போட்டால் அது முழுக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வேருக்கு மூச்சு விடாது. நாற்றழுகல் பங்கசுக்கு அதைவிட வசதியான வீடு வேறில்லை. கடையில் தம்பி சொன்ன "தண்ணி கூடிப்போச்சு" என்பதற்கு உள்ளே இருக்கிற உண்மை இதுதான். தண்ணீர் கூடவில்லை, வடியவில்லை. உமிக்கரியோ கழுவிய ஆற்று மணலோ போதிய அளவு சேர்த்திருந்தால் வடிந்திருக்கும்.

இதெல்லாம் ஒரு பருவத்தோடு போகிற நட்டம். இனிச் சொல்லப்போவது அப்படிப் போகாது.

பாலையூற்றில் எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருத்தி வீட்டுக்குப் பின்னால் தக்காளி வைத்தாள். அந்த வளவில் அதற்கு முன் தக்காளியோ கத்தரியோ மிளகாயோ நட்டதில்லை, தென்னையும் முருங்கையும்தான். கடைப் பை மண்ணில் நாற்றுப் போட்டு, மிச்ச மண்ணை நட்ட குழிகளிலும் கொட்டினாள். பூ வைக்கிற பருவத்தில் கன்றுகள் பச்சை நிறம் மாறாமலே ஒரு மத்தியானம் தலை தொங்கின. மாலையில் நிமிர்ந்தன. மூன்றாம் நாள் நிமிரவில்லை. என்னைக் கூப்பிட்டாள். அடித்தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டு முனை மட்டும் தண்ணீரில் படும்படி பிடித்தேன். இரண்டு நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். வெட்டிலிருந்து பால்போல ஒரு மெல்லிய வெள்ளை இழை இறங்கியது. அப்புறம் இன்னொன்று. ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பிடித்தாற்போல அது கிளாசின் அடிக்குப் போய்ப் பரவியது.

அது பற்றீரியா வாடல். மருந்து கிடையாது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் பிடிக்கும். அவள் அந்த நிலத்தில் இனி நெடுநாளைக்குக் கறிக்கு ஒரு கத்தரிக்காய் எடுப்பது கடினம். அது பை மண்ணில்தான் வந்ததென்று சத்தியம் செய்ய எனக்கு வழியில்லை. தண்ணீராலும் மண்வெட்டியாலும்கூட அது வரும். ஆனால் யாரோ ஒருவருடைய நோய் பிடித்த கத்தரித் தோட்டத்து மேல்மண் பையில் ஏறி இன்னொருவருடைய சுத்தமான வளவுக்குப் போவதற்கு இன்று எந்தத் தடையும் இல்லை. இதை நினைத்துத்தான் எனக்குப் பயம். வேரில் முடிச்சுப் போடுகிற வட்டப்புழுவும் கோரைக்கிழங்கும் இதே வழியில்தான் ஊர் ஊராகப் போகின்றன.

எங்கள் அம்மாவின் காலத்தில் யாரும் மண் விலைக்கு வாங்கியதில்லை. தம்பலகாமத்தில் அம்மம்மா வீட்டில் நாற்றுமேடை போடும்போது, உயர்த்திய பாத்தியின்மேல் உமியும் வைக்கோலும் அடுக்கி, காற்றுக்கு எதிர்ப் பக்கமாக நெருப்பு வைப்பார்கள். அது மெல்ல மெல்ல எரிந்து வரும். மேல்மண் சூடாகிக் களை விதையும் பங்கசும் அழியும். சாம்பலும் அங்கேயே விழும். விவசாயப் போதனாசிரியர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எரிக்க முடியாதவர்கள் மண்ணை நனைத்துக் கண்ணாடிபோலத் தெரிகிற பொலித்தீனால் மூடி வெயிலில் நாலு கிழமை வைக்கலாம். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. இந்த இரண்டில் ஒன்றையாவது செய்த மண்ணா உங்கள் பையில் இருப்பது? பையைப் பார்த்து எனக்குச் சொல்ல முடியவில்லை.

நாங்கள் ஏன் பை மண் வாங்குகிறோம் என்று கேட்பீர்கள். நிலாவெளியிலிருந்து பட்டணம் வரை கடற்கரையோரம் முழுக்க மணல். ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. பல வளவுகளில் கோடையில் கிணறு உவர்க்கும். வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு மண்ணைத் திருத்தவும் உரிமையில்லை. 2022 இல் மரக்கறி விலை கைக்கு எட்டாமல் போய், அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்ன காலம் ஞாபகம் இருக்கும். அப்போது தொடங்கியவர்கள் பலர் இன்னும் விடவில்லை. உரப்பையிலும் பழைய வாளியிலும் தக்காளி வளர்க்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் பை உண்மையிலேயே தேவை. நல்ல பை என்றால் கூடக் காசு கொடுத்தும் வாங்குவார்கள், நானும் வாங்குவேன்.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. மண்ணைக் கிலோக் கணக்கில் விற்காதீர்கள். நான் வாங்கிய '5 கிலோ' பை ஒன்றை வெயிலில் காயவைத்து நிறுத்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் தண்ணீராகப் போயிற்று. நனைத்துக் கட்டினால் கூட நிறுக்கும் என்றால் நனைத்துத்தான் கட்டுவார்கள். ஈரமாகக் கட்டிய பை கடை வாசல் வெயிலில் கிடந்து உள்ளுக்குள் புளித்தும் போகும். தட்டை நிரப்ப எனக்கு வேண்டியது கொள்ளளவு. லீற்றரில் அளந்து விற்றால் இரண்டு தொல்லையும் தீரும்.

இது நமக்கு மட்டும் வந்த பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 1930களில் இங்கிலாந்தில் ஜோன் இன்னஸ் என்ற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் நாற்றுகள் இப்படித்தான் செத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வொரு கலவை, யாருக்கும் எது சரியென்று தெரியாது. லோரன்ஸ், நியூவெல் என்ற இருவர் ஆண்டுக்கணக்காகச் சோதித்து, விதைக்கு ஒன்று, வளர்ந்த கன்றுக்கு இன்னொன்று என்று பிரித்து எழுதினார்கள். விதைக் கலவை இரண்டு பங்கு மண், ஒரு பங்கு பீற் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி), ஒரு பங்கு மணல். மண்ணை முதலில் நீராவியில் சூடாக்கி நோயை அழித்துவிட வேண்டும். கலவையின் அளவுகளை அவர்கள் பூட்டி வைக்கவில்லை, எல்லோரும் செய்யட்டும் என்று வெளியிட்டார்கள். அந்தக் கலவை நமக்குப் பொருந்தாது. நம்மிடம் பீற் இல்லை, அதைவிட நல்ல தும்புத்தூள் இருக்கிறது. நான் சொல்ல வருவது, உள்ளே என்ன என்று வெளிப்படையாக எழுதியபோதுதான் அங்கேயும் நாற்றுகள் பிழைத்தன.

நான் போடுகிற கலவையையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். மூன்று முறை அலசிய தும்புத்தூள் இரண்டு பங்கு, முற்றி அரித்த கூட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். இதில் இரகசியம் ஒன்றுமில்லை. உங்களுக்கு உதவுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொதி செய்கிறவர்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு.

முதலாவது, உள்ளே போட்டதைப் பையில் எழுதுங்கள். தும்புத்தூள் எத்தனை பங்கு, அலசியதா இல்லையா, எரு எது, மண் எந்த ஊர் மண், கட்டிய திகதி என்ன, எத்தனை லீற்றர். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். நோயில்லாத மண் என்று எழுதினால், எதைச் செய்து நோயை அழித்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு குவியலையும் பையில் அடைக்கும் முன் ஒரு சிரட்டையில் எடுத்துப் பத்துத் தக்காளி விதை போட்டுப் பாருங்கள். பக்கத்தில் இன்னொரு சிரட்டையில் கழுவிய ஆற்று மணலில் பத்து. பத்தாம் நாள் எண்ணுங்கள், பதினைந்தாம் நாள் மறுபடி பாருங்கள். மணலில் ஒன்பது முளைத்து உங்கள் மண்ணில் மூன்று முளைத்தால் அந்தக் குவியல் விற்பனைக்கு ஆகாது. இன்னும் ஒரு மாதம் அவியவிடுங்கள், அல்லது அலசுங்கள். செலவு இருபது விதையும் இரண்டு கிழமையும். பற்றீரியா வாடலையும் வட்டப்புழுவையும் இது காட்டிக் கொடுக்காது. அதற்கு மேல்மண்ணைச் சுட்டோ மூடி வெயிலில் வைத்தோதான் ஆக வேண்டும், இல்லையென்றால் மேல்மண்ணே சேர்க்காமல் செய்யுங்கள். ஆனால் உப்பு, முற்றாத எரு, நாற்றழுகல் எல்லாம் அந்தச் சிரட்டையில் தெரிந்துவிடும்.

கடைக்காரர்களே, பையை நிழலில் வையுங்கள். ஒரு பையையாவது பிரித்து வையுங்கள், வாங்குகிறவர்கள் கையில் அள்ளிப் பார்க்கட்டும், மணந்து பார்க்கட்டும். புடைவைக் கடையில் சீலையை விரித்துக் காட்டாமல் விற்கிறீர்களா? நாற்றுச் செத்துவிட்டது என்று ஒருவர் வந்தால், தண்ணீரைப் பற்றிச் சொல்வதற்கு முன், எந்தப் பை, எந்தத் திகதி என்று கேட்டுக் குறித்து வையுங்கள். மூன்று பேர் ஒரே பையைச் சொன்னால் செய்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

அதிகாரிகளே, கூட்டெருவுக்கு இந்த நாட்டில் 2003 இலேயே எஸ்.எல்.எஸ். 1246 என்று ஒரு தரம் எழுதியிருக்கிறார்கள். நாற்று மண் என்று கடையில் நிற்கிற பை எதிலும் நான் அந்த இலக்கத்தைக் கண்டதில்லை. பொருள்களில் என்ன எழுத வேண்டும் என்று பணிக்கிற அதிகாரம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. 2021 இல் கடல் கடந்து கப்பலில் வந்த சேதனப் பசளையின் மாதிரியைச் சோதித்து, பயிருக்குக் கேடான பற்றீரியா இருக்கிறது என்று இறக்கவிடாமல் நிறுத்தினீர்கள். அது சரியான காரியம். அந்த அக்கறையில் ஒரு சிறு பங்கை, பக்கத்து ஊரிலிருந்து லொறியில் வருகிற மண்ணுக்கும் காட்டுங்கள். கமநல சேவை நிலையங்களில் உப்பு அளக்கும் கருவி ஒன்று வைத்து, மண் செய்கிறவர்கள் ஒரு பிடி கொண்டு வந்தால் அளந்து சொல்லுங்கள். சிறிய அளவில் செய்கிறவர்கள், அதிலும் வீட்டில் வைத்துச் செய்கிற பெண்கள் பயந்து தொழிலை விடும்படி தண்டம் அடிக்க வேண்டாம். முதலில் கற்றுக்கொடுங்கள். ஒரு நாள் பயிற்சி போதும்.

சம்பூர்க்காரர்களுக்கு என்ன ஆனதென்று சொல்லவில்லை. நாலு தட்டிலிருந்தும் தப்பியவற்றிலிருந்தும் ஐந்நூறு கன்றுபோலக் கொடுத்தேன். மிச்சத்துக்கு நானே மண் அலசி மறுபடி விதை போட்டேன். அவை நடுகிற பருவத்துக்கு வந்தபோது கார்த்திகை மழை அடித்துக்கொண்டிருந்தது. இளங்கன்றுகளில் பல தண்ணீரில் நின்று அழுகின. முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர்களில் மூத்தவராக இருந்த அம்மா வாங்கவில்லை. "வச்சிரு பிள்ளை, வாற முறை நல்ல கண்டாத் தா" என்றார். அவர் வளவில் மிளகாய்க்கென்று கொத்திய பாத்தி, கொத்தியபடியே வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது. மண் பொதி செய்கிற யாராவது தங்கள் குவியலைச் சோதித்துப் பார்க்க இடமில்லை, நேரமில்லை என்றால் என்னிடம் கொண்டு வாருங்கள். காசு வேண்டாம். என் நிழல்வலைக்குக் கீழே உங்கள் கண் முன்னாலேயே விதை போட்டு, பத்தாம் நாளும் பதினைந்தாம் நாளும் கூப்பிட்டுக் காட்டுகிறேன். முளைத்தால் எந்த மண்ணில் முளைத்ததென்று என்னிடம் நாற்று வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் உங்கள் பெயரைச் சொல்வேன். முளைக்காவிட்டால் உங்களிடம் மட்டும் சொல்வேன். இரண்டு கிலோ போதும், கட்டிய திகதியைப் பையில் எழுதிக் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
அலஸ்தோட்டத்தில் நாற்று வளர்க்கும் ஒருத்தி
திருகோணமலை